மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்

கார் விற்கும் கடையில் காரைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை காற்றுப் பை இருக்கிறது, பின்னால் போகும்போது கீச்சென்று கத்துமா, எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும். விலை என்ன என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அங்கிருப்பவர்களின் முகம் சுருங்கிப்போகும், விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன செலவாயிற்று என்று விசாரித்துவிட்ட மாதிரி.

கண்ணாடிக்காரருக்கு இந்த நாகரிகம் தெரியாது. அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருடைய கடையில் ஒவ்வொரு ஃபிரேமிலும் நூல் கட்டி ஒரு சின்ன அட்டை தொங்கும். அட்டையில் ஒரே ஒரு எண். யாராவது "கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றால் குறைத்துவிடுவார். கேட்காதவர்களுக்கும், கேட்க நினைத்துக் கூச்சப்படுகிற முகமாக இருந்தால் குறைத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷ வியாபாரத்தில் ஒரு ஜீவனிடமும் அவர் "முடியாது" என்று சொன்னதில்லை. இதனால் கடை நன்றாக ஓடியது. வீடுதான் ஓடவில்லை. வீட்டை ஓட்டியது அவர் மனைவி.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவில் எல்லோருக்கும் நர்ஸம்மா. ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், முழங்கால் வேறு படியேற மறுத்தது. ராத்திரி டியூட்டி பார்த்தால் சம்பளத்துக்கு மேல் தனியாக ஒரு படிப்பணம் கொடுப்பார்கள். அந்தப் பணத்தை நர்ஸம்மா ஆறு வருஷம் தொடாமல் சேர்த்தார். நாளடைவில் உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் அவரிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. வீட்டு ஃபிரிட்ஜ் பதினாலு ராத்திரி. மகளின் கடைசி வருஷக் காலேஜ் ஃபீஸ் அறுபது ராத்திரி. பக்கத்து வீட்டில் புதுச் சோபா வாங்கினால், "ஒரு மாசம் முழிச்சாத்தான் அதுல உக்கார முடியும்" என்பார்.

நாற்பத்தொன்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை லைசென்ஸ் வாங்கினார். அன்று சாயங்காலம் புருஷனிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கார் வந்த அன்னிக்கோட ராத்திரி டியூட்டிக்குக் கும்பிடு. அதுக்கப்புறம் ஒரு ராத்திரிகூட முழிக்க மாட்டேன். மனுஷங்க மாதிரி படுத்துத் தூங்கப் போறேன்."

 ஆறு வருஷமாகக் கண்ணாடிக்காரர் தனியாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தலையணை எப்போதும் சுருங்காமல் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கமாக இருக்கும்.

நர்ஸம்மா இரண்டு மாதம் விசாரித்தார். அதே காரை வாங்கிய நான்கு பேரின் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு டாக்டரின் டிரைவர், காலில் கட்டுப் போட வந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஒருவரையும் விடவில்லை. கடைசியில், ஆஸ்பத்திரியில் காய்ச்சல் குறிக்கும் ஒரு ஜுர அட்டையின் பின்பக்கத்தில் நியாயமான விலை இது என்று ஒரு எண்ணை எழுதி அடிக்கோடு போட்டார். சேர்த்த பணமும் அந்த எண்ணும் கச்சிதமாகப் பொருந்தின. ஒரு ராத்திரி அதிகமும் இல்லை, குறைச்சலும் இல்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் இருவரும் பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனார்கள். கடை என்று சொல்வது தப்பு. வாசலில் "உறவு மையம்" என்று போட்டிருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஒரு பெண் ஜில்லென்று பழரசம் கொடுத்து, "நம்ம குடும்பத்துக்கு வரவேற்கிறோம்" என்றாள். நடுக்கூடத்தில் ஒரு பித்தளை மணி தொங்கியது. கார் விற்றால் அதை அடிப்பார்களாம், எல்லோரும் எழுந்து கை தட்டுவார்களாம்.

அங்கே விற்பனையாளர் என்று ஒருவரும் கிடையாது. டை கட்டிய ஒல்லியான ஒருவர் வந்து, தன்னைக் கனவு ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"இங்க நாங்க கார் விக்கிறதில்ல சார். உறவை வளர்க்கிறோம். கார் கூடவே வந்துடும்."

"உறவு பொறுமையா வளரட்டும்," என்றார் நர்ஸம்மா. "வெளிய வெள்ளையா நிக்குதே, அந்த மாடல். எல்லாம் சேர்த்துக் கையில எவ்வளவு?"

ஆலோசகரின் முகம் சுருங்கியது. பிறகு தேறி ஒரு தாளை எடுத்தார். தாளில் பதினேழு வரி இருந்தது. முதல் வரியில்தான் கார் வந்தது. மற்ற பதினாறு வரிகளில் காரைச் சுற்றியுள்ள விஷயங்கள்.

"இது என்ன, கையாளும் கட்டணம்?" என்றார் நர்ஸம்மா.

"வண்டியை லாரியில இருந்து இறக்கி இங்க கொண்டுவந்து நிறுத்துறது மேடம்."

"அதை யார் செய்யறா?"

"எங்க டிரைவர்."

"அவருக்குச் சம்பளம் தர்றதில்லையா?"

"தர்றோம் மேடம். சம்பளம் வேற, கையாளல் வேற."

"சரி, அத்தியாவசியப் பெட்டின்னு ஒண்ணு இருக்கே?"

"கழுத்துத் தலையணை, வாசனை பாட்டில், குடை மாட்டுற கொக்கி."

"இது இல்லாட்டி வண்டி ஓடாதா?"

"ஓடும் மேடம்," என்றார் ஆலோசகர் வருத்தமாக. "ஆனா ஓட்டுறவங்களுக்கு மனசு ஓடாது."

கடைசி வரியில் "விலை விளக்கக் கட்டணம்" என்று இருந்தது. அது என்ன என்று கண்ணாடிக்காரர் கேட்கப் போனார். கேட்டால் அதுவும் சேர்ந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். நர்ஸம்மா கூட்டிக் கழித்து, தாளின் விலைக்கும் தன் விலைக்கும் உள்ள வித்தியாசம் முப்பத்தெட்டு ராத்திரி என்று கண்டுபிடித்தார். ஜுர அட்டையைத் திருப்பி மேஜையில் வைத்தார்.

"நாலு பேர் இந்த விலைக்குத்தான் வாங்கியிருக்காங்க. பில் பாத்துட்டேன். இதுக்கு மேல என்கிட்ட இல்ல."

ஆலோசகர் அந்த எண்ணை வெகு நேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்," என்று எழுந்து, கூடத்தின் கோடியில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு கதவைத் திறந்து உள்ளே போனார்.

ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது அவர் முகம் இழவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

"மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டார் மேடம். 'இந்த விலைக்குக் கொடுக்கணும்னா என் கைக்காசைத்தான் போடணும்'னு சொல்லிட்டார். நான் விடல, கெஞ்சினேன். கடைசியில உங்க முகத்துக்காக ஒரு குடை இலவசமாத் தரச் சொன்னார்."

"என் முகத்தை அவர் பாக்கவே இல்லையே," என்றார் நர்ஸம்மா.

"நான் வர்ணிச்சேன் மேடம்."

நர்ஸம்மா அட்டையை மறுபடி நகர்த்தினார். ஆலோசகர் மறுபடி உள்ளே போனார். இம்முறை வரும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார். நர்ஸம்மாவின் விலையைக் கேட்டு மேனேஜருக்குப் படபடப்பு வந்துவிட்டதாம்.

"நான் போய் பி.பி. பாக்கட்டுமா?" என்று நர்ஸம்மா எழுந்தார்.

"வேணாம் மேடம், வேணாம். புது ஆளுங்களைப் பாத்தா இன்னும் அதிகமாயிடும்." அதற்குள் யாரோ காரை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். "யோசிச்சு வைங்க, வந்துடறேன்," என்று ஆலோசகர் விட்டது போதும் என்று ஓடினார்.

நர்ஸம்மா புருஷனைப் பார்த்தார். "ஏங்க, நீங்க உள்ள போய் அந்த மேனேஜரையே நேரா கேளுங்க. நான் போனா சண்டையாயிடும். உங்க முகத்தைப் பாத்து யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க."

"நான் என்னன்னு கேக்கறது?"

"முப்பத்தெட்டு ராத்திரின்னு சொல்லுங்க. அவரும் மனுஷன்தானே."

கண்ணாடிக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். கதவைத் தட்டினார். பதில் இல்லை. உடம்பு சரியில்லாதவர் ஆயிற்றே என்று மெதுவாகத் திறந்தார்.

உள்ளே மேனேஜர் இல்லை. யாருமே இல்லை. ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மேஜை, அதற்குப் பின்னால் உயரமான முதுகு வைத்த ஒரு நாற்காலி. மேஜையில் ஆறு எச்சில் டம்ளர்கள், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், போன் சார்ஜ் ஏற்றும் நாலைந்து வயர்கள். சுவரில் இருந்த காலண்டர் பதினோரு மாதத்துக்கு முன்னால் நின்றுபோயிருந்தது. கதவின் உள்பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மாட்டி, "வெளியே போகும் முன் முகத்தைச் சரி பார்க்கவும்" என்று சின்னச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

வந்தவர்கள் உட்கார வேண்டிய நாற்காலிகளில் கழுத்துத் தலையணைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். கால் வலித்தது. மேனேஜர் வந்தால் எழுந்துவிடலாம் என்று, காலியாக இருந்த அந்த ஒரே நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். அது சுழலும் நாற்காலி. நுனியில் உட்கார்ந்தால் கவிழ்த்துவிடும் போலிருந்ததால் நன்றாகச் சாய்ந்து உட்கார வேண்டியதாயிற்று.

கதவு திறந்தது. குட்டையான ஒரு ஆலோசகர், கையில் டம்ளரோடு உள்ளே வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சார். எப்ப சார் வந்தீங்க?"

"இப்பதான்," என்றார் கண்ணாடிக்காரர். அது உண்மை.

"பதினோரு மாசமா காத்துக்கிட்டு இருக்கோம் சார். பழைய மேனேஜர் மாத்தலாகிப் போனதுல இருந்து, புதுசா ஒருத்தர் வராரு வராருன்னு மேலிடத்துல சொல்லிக்கிட்டே இருக்காங்க."

பதினோரு மாதமாக இந்த அறையில் ஒருவரும் இல்லை என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து நின்றது, படபடத்தது, கைக்காசைப் போடப் பயந்தது எல்லாம் யார் என்று கேட்க வாயெடுத்தார். குட்டை ஆலோசகர் விடவில்லை.

"ஒரு பாட்டு டீச்சர் சார். மூணு மாசப் பழைய பில்லைக் காட்டி அதே விலைக்குக் கேக்கறாங்க. கொஞ்சம்கூட மனசாட்சி இல்ல. என்ன சொல்லட்டும்?"

தாளை நீட்டினார். கண்ணாடிக்காரர் பார்த்தார். வரி வரியாகக் கையாளலும் அத்தியாவசியமும் விளக்கமும். நர்ஸம்மாவோடு இரண்டு மாதம் கணக்குப் பார்த்தவர் என்பதால், பாட்டு டீச்சர் கேட்பது நியாயம் என்று ஒரே பார்வையில் தெரிந்தது.

"கேட்ட விலைக்கே கொடுத்துடுங்களேன்," என்றார்.

குட்டை ஆலோசகர் மண்டையில் அடிபட்டவர் மாதிரி வெளியே போனார். தான் யார் என்று சொல்லியிருக்க வேண்டுமே என்று கண்ணாடிக்காரருக்கு உறுத்தியது. ஆனாலும் யாரோ ஒரு டீச்சருக்கு நல்லது நடந்ததே என்று திருப்தியாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைக்கும்போதே கதவு மறுபடி திறந்தது.

"போயிட்டாங்க சார்," என்றார் குட்டை ஆலோசகர்.

"யாரு?"

"டீச்சர். 'கேட்ட உடனே ஒத்துக்கிட்டீங்களே, வண்டி என்ன வெள்ளத்துல நின்னதா'ன்னு கேட்டாங்க. இல்லன்னு சத்தியம் பண்ணினேன். நம்பல. எழுந்து போயிட்டாங்க."

அவருக்குப் பின்னாலேயே, சாயம் பூசிய மீசையோடு ஒரு பெரிய மனிதர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவருடைய பதவிக்குப் பெயர் முடித்துவைப்பவர். படியாத வாடிக்கையாளர்களைப் படியவைப்பதற்கென்றே இருப்பவர். இருபது வருஷ அனுபவசாலி. புது மேனேஜருக்குக் கை கொடுத்தார், மரியாதையாக எதிரில் நின்றார்.

"சார் தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க வேற எந்தத் தொழில்ல இருந்து வந்தீங்கன்னு தெரியல."

"கண்ணாடி," என்றார் கண்ணாடிக்காரர்.

"நல்ல தொழில். ஆனா அங்க விலைங்கறது ஒரு நம்பர். இங்க அப்படி இல்ல. இங்க விலைங்கறது ஒரு களைப்பு சார். கஸ்டமர் எந்த இடத்துல களைச்சுப் போறாரோ அதான் விலை. களைக்காத கஸ்டமருக்கு வித்தா அவருக்குத் திருப்தி இருக்காது. வீட்டுக்குப் போய், இன்னும் குறைச்சிருக்கலாமோன்னு ராத்திரியெல்லாம் புரண்டு படுப்பார். நாம அவரைப் புரள விடலாமா? அதனாலதான் முதல் தடவை முடியாதுங்கறோம். ரெண்டாவது தடவையும் முடியாதுங்கறோம். அவரோட நிம்மதிக்காக."

"மூணாவது தடவை?"

"மூணாவது தடவை வந்து கேட்டா சரின்னுடலாம் சார், அது பழைய மேனேஜர் வச்ச சட்டம். ஆனா மூணாவது தடவை யாரும் வர்றதில்ல."

"பதினோரு மாசமா மேனேஜரே இல்லாம எப்படி நடத்துனீங்க?"

முடித்துவைப்பவர் பெருமையாகச் சிரித்தார். "அவர் இருந்தப்ப எப்பவாவது மனசு இளகிடுவார் சார். காலி நாற்காலி இளகவே இளகாது. விற்பனை ஒண்ணரை மடங்கு. மேலிடத்துல இருந்து இந்த அறைக்குச் சிறந்த மேனேஜர் விருது வந்திருக்கு." அலமாரி மேல் ஒரு கோப்பை இருந்தது. அதில் ஸ்பூன்களைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அப்போதே எழுந்து, ஐயா நான் கார் வாங்க வந்தவன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தார் என்பதும் உண்மை. ஆனால் குட்டை ஆலோசகர் அடுத்த தாளை நீட்டிக்கொண்டிருந்தார், முடித்துவைப்பவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதில் கேட்டு வந்து நிற்பவரை வெறும் கையோடு அனுப்புவது கண்ணாடிக்காரருக்குப் பழக்கம் இல்லை. யாரோ ஒரு காண்ட்ராக்டர். கேட்டது நியாயமான விலை.

"முடியாது," என்று சொல்லிப் பார்த்தார்.

நாக்கு கொஞ்சம் தடுக்கியது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை, யாரும் அழவில்லை. "சரிங்க சார்," என்று ஆலோசகர் பணிவாகத் திரும்பினார். பத்து நிமிஷத்தில் வெளியே மணி அடித்தது. கை தட்டினார்கள். காண்ட்ராக்டர் களைத்துவிட்டார்.

அடுத்து ஒரு புது மாப்பிள்ளை, பிறகு ஒரு பேக்கரிக்காரர். ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தை இன்னும் சுலபமாக வந்தது. முதலில் தலையைக் குனிந்து சொன்னார். பிறகு தாளைப் பார்த்துச் சொன்னார். பேக்கரிக்காரருக்குத் தாளைப் பார்க்காமலே சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாமல் விட்ட முடியாதுகள் எல்லாம் உள்ளே எங்கேயோ வட்டியோடு கிடந்திருக்கின்றன. சொல்லச் சொல்ல நெஞ்சு நிமிர்ந்தது. நாற்காலி கூட இப்போது கவிழ்க்கப் பார்க்கவில்லை. யாரோ சூடாக டீ கொண்டுவந்து வைத்தார்கள்.

டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது முடித்துவைப்பவர் வந்தார். இந்த முறை அவர் கையில் தாள் இல்லை. ஜுர அட்டை இருந்தது.

"ஒல்லியா ஒருத்தன் இருக்கானே, அவன் பாத்துக்கிட்டிருந்த கேஸ் சார். அவன் வண்டி ஓட்டிக் காட்டப் போயிட்டான், நான் உக்காந்தேன். ஒரு அம்மா. நர்ஸாம். கல்லு மாதிரி இருக்காங்க. எல்லாத்தையும் ராத்திரிக் கணக்குல பேசறாங்க. 'உங்க விலைன்னா நான் இன்னும் முப்பத்தெட்டு ராத்திரி முழிக்கணும்'ங்கறாங்க. இந்தக் கணக்கு நம்ம சிஸ்டத்துல ஏறாதே."

கண்ணாடிக்காரருக்கு டீ புரையேறியது.

"அவங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட நேரா பேச வந்தாராமே சார்? வந்தாரா?"

"வந்தார்."

"என்ன சொன்னார்?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"அம்மா சொல்ற விலைக்கு என்ன சார் பதில்?"

கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தது. முடித்துவைப்பவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லி ஆலோசகர் கொண்டுவந்த இரண்டு முடியாதும் காலி நாற்காலியுடையவை; தன்னிடம் வந்த முதல் தடவையே சரி என்றால் இந்த ஆள் சந்தேகப்படுவான் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. சட்டப்படியே போகலாம். இரண்டு முடியாது, மூன்றாவது சரி. நர்ஸம்மா அசைகிற ஆள் இல்லை, கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அவருக்கு அது தெரியும். எத்தனை தடவை வேண்டுமானாலும் அட்டையை நகர்த்திக்கொண்டே இருப்பார். பத்து நிமிஷத் தாமதம், அவ்வளவுதானே.

"முடியாது," என்றார்.

முடித்துவைப்பவர் போய், சீக்கிரமே திரும்பி வந்தார். "அதே விலையில நிக்கறாங்க சார்."

இரண்டாவது முடியாதையும் சொல்லியாக வேண்டும். அதை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் கண்ணாடிக்காரரை நாமும் மன்னித்துவிடலாம். ஆனால் அவர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே இரண்டு வாக்கியம் சேர்த்தார்.

"ராத்திரி முழிக்கறதெல்லாம் அவங்க சொந்த விஷயம். நான் என்ன, கைக்காசைப் போட்டா கொடுக்க முடியும்?"

சொன்னபோது இனித்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முடித்துவைப்பவர் சிலிர்த்துப்போய் வெளியேறினார். கண்ணாடிக்காரர் மூன்றாவது தடவைக்குத் தயாரானார். சரி என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். கொஞ்சம் தயங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பெரிய மனசோடு சொல்ல வேண்டும். பிறகு வெளியே போய் மனைவி பக்கத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார வேண்டும். கார் வீட்டுக்கு வந்த ராத்திரியிலிருந்து அந்தத் தலையணை சுருங்கும். நினைக்கவே சந்தோஷமாக இருந்தது.

கதவு திறந்தது. முடித்துவைப்பவரின் மீசை மேலே ஏறியிருந்தது.

"மணி அடிச்சுடலாமா சார்? படிஞ்சுட்டாங்க."

"யாரு?"

"நர்ஸம்மா. நம்ம விலைக்கே. கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"அவங்க படிய மாட்டாங்களே," என்றார் கண்ணாடிக்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"விலைக்காகப் படியல சார், அதான் ஆச்சரியம். இருபது வருஷத்துல நான் இப்படிப் பாத்ததில்ல. 'எங்க வீட்டுக்காரர் உள்ள போய் ஒரு மணி நேரமாச்சு. அவருக்கு ஒருத்தர்கிட்டயும் கேட்டுப் பழக்கமில்ல, கொடுத்துத்தான் பழக்கம். அந்த மனுஷன் முன்னாடி கை கட்டி நின்னு எனக்காகக் கெஞ்சிக்கிட்டு இருப்பார். அவர் கெஞ்ச வேணாம். மிச்சத்துக்குத் தவணை போடுங்க, முப்பத்தெட்டு ராத்திரிதானே, முழிச்சுக்கறேன். அவரை வெளிய அனுப்பச் சொல்லுங்க'ன்னாங்க. கண்ணு கலங்கிடுச்சு சார் எனக்கே." மீசையைத் தடவிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "புருஷனைப் பிடிச்சு வச்சுக்கிட்டா பொண்டாட்டி களைச்சுப் போவாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல பாருங்க. எங்க சார் வச்சிருக்கீங்க அவரை?"

"இங்கதான் இருக்கார்."

முடித்துவைப்பவர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, பெரிய நகைச்சுவை என்று சிரித்தார்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். "அவங்க கேட்ட விலைக்கே போடுங்க. நான் சொல்றேன். போடுங்க."

"சார், சிஸ்டத்துல ஏத்தியாச்சு. படிஞ்ச விலையைக் குறைக்க மேனேஜராலயே முடியாது."

"நான் மேனேஜரே இல்லைங்க."

முடித்துவைப்பவரின் முகத்தில் பக்தி தெரிந்தது. "பழைய மேனேஜரும் இதையேதான் சார் சொல்வார். யாராவது நேரா வந்து குறைக்கச் சொன்னா, நான் மேனேஜரே இல்ல, மேல இருக்கறவங்கதான் எல்லாம்னு கையை விரிச்சுடுவார். முதல் நாளே உங்களுக்கு வந்துடுச்சு." சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார்.

கூடத்தில் மணி அடித்தது. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். குட்டை ஆலோசகர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். நர்ஸம்மா ரசீதோடும், ஒரு குடையோடும், கழுத்துத் தலையணையோடும் நின்றிருந்தார்.

"பரவால்லையே, உங்களுக்கு நல்ல மரியாதை கொடுக்கறாங்க," என்றார்.

வண்டி வர ஒரு வாரம் ஆகும். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நர்ஸம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டானா?"

"இல்ல. உக்காந்துதான் இருந்தேன்."

"முப்பத்தெட்டு ராத்திரின்னு சொன்னீங்களா?"

"அவனுக்கே தெரிஞ்சிருந்தது."

"தெரிஞ்சுமா முடியாதுன்னான்?"

"ரெண்டு தடவை சொன்னான்."

 நர்ஸம்மா கழுத்துத் தலையணையை எடுத்துப் புருஷனின் கழுத்தில் மாட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அவர் முகம் வாடியிருப்பதைக் கண்டு முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"விடுங்க. நமக்கு முப்பத்தெட்டு ராத்திரியோட முடிஞ்சுடும். அந்தாளோட காலம் பூரா குடும்பம் நடத்தறாளே ஒருத்தி, அவளை நெனச்சாத்தான் பாவமா இருக்கு."